கையகலத் தாளும் கச்சான் காற்றும்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில், ஐரோப்பாவைச் சுற்றி வந்த பிரிட்டிஷ் ஓவியர் டர்னர் வழியில் போட்ட சின்னச் சின்ன வாட்டர்கலர் படங்களைப் பற்றி ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதுவும் தொண்டியிலிருந்து கீழக்கரை வரை நம் கடற்கரை ஆட்களே அதிகம் எழுதியிருக்கிறார்கள், எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். அதனால் இந்த மாதம் முழுக்க அதற்கே.

கேள்வி: சின்னப் படம், சின்னப் படம் என்று எழுதினீர்களே, எவ்வளவு சின்னது? அவ்வளவு பெரிய ஓவியர் ஏன் அப்படிப் போட்டார்? அவசரத்துக்குப் போட்டுவைத்த குறிப்புத்தானே அது? (கீழக்கரை வாசகி)

ஒரு ஏ4 தாளை எடுத்துப் பாதியாக மடித்துக் கையில் வைத்துப் பாருங்கள். 1820-களின் பிற்பகுதியில் பிரான்சில் லுவார் நதிக்கரை ஊர்களை டர்னர் நீலத் தாளில் போட்ட படங்கள் அதைவிடக் கொஞ்சம் சின்னவை, ஏறக்குறைய 14 செ.மீ.க்கு 19 செ.மீ. பெரிய தாளை வாங்கி மடித்து மடித்துக் கிழித்து வைத்துக்கொள்வார். தாளே நீலம் என்பதால் அந்தி வானத்துக்கு வண்ணமே தேவைப்படாது, தாளைச் சும்மா விட்டால் போதும், அதன்மேல் வெள்ளை கலந்த கெட்டி வண்ணத்தில் ஒரு கோபுரம், ஒரு படகு, தண்ணீரில் ஒரு மஞ்சள் கோடு, அவ்வளவுதான்.

ஏன் சின்னது என்றால் முதல் காரணம் மூட்டை. லண்டனில் ஒரு முடிதிருத்துபவரின் மகனாக 1775-இல் பிறந்தவர் அவர். நெப்போலியன் போருக்கு நடுவே கொஞ்சகாலம் சமாதானம் வந்ததே, அந்த 1802-இல்தான் முதல்முறையாகக் கடல் தாண்டி பிரான்ஸ், சுவிட்சர்லாந்து போனார். மறுபடி போர் மூண்டுவிட்டதால் அடுத்த ஐரோப்பியப் பயணத்துக்கு 1817 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ரயில் இல்லாத காலம், குதிரை வண்டியும் படகும் நடையும்தான். 1829 ஜனவரியில் ரோமிலிருந்து திரும்பும்போது பிரான்சில் தாரார் மலைமேல் வண்டி பனியில் சிக்கிப் பயணிகள் எல்லாரும் இறங்கி நெருப்பு மூட்டிக் குளிர்காய வேண்டியிருந்தது, அதையும் ஒரு படமாகப் போட்டுவிட்டார். அப்படிப் போகிறவர் எவ்வளவு தாளைத்தான் சுமப்பார்.

இரண்டாவது காரணம் நேரம். 1819-இல் நேப்பிள்ஸ் பக்கம் அவரைச் சந்தித்த ஒரு இளைஞர் எழுதிய கடிதம் இருக்கிறது. வெளியில் உட்கார்ந்து வண்ணம் போடுவதில்லையா என்று கேட்டதற்கு, ஒன்றுக்கு வண்ணம் போடுகிற நேரத்தில் நான் பதினைந்து பதினாறு பென்சில் படம் போட்டுவிடுவேனே என்று டர்னர் சொன்னாராம். அதாவது பகலில் பென்சில், பெரும்பாலும் ராத்திரி தங்குமிடத்தில் ஞாபகத்திலிருந்து வண்ணம். இந்த ஞாபகம் என்ற இடத்தை நாம் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. பார்த்ததில் எது மனசில் நின்றதோ அதுமட்டும்தான் தாளில் வருகிறது, மற்றதெல்லாம் தானாகக் கழிந்துவிடுகிறது.

வெறும் குறிப்பா என்று கேட்டீர்கள். சிலது குறிப்பு. 1841, 1842-இல் சுவிட்சர்லாந்து ஏரிகளைப் பார்த்துப் போட்ட சிறு படங்களைத் தன் வியாபாரி வழியாக வாங்குபவர்களிடம் மாதிரி போலக் காட்டி, இதைப் பெரிதாக முடித்துத் தரட்டுமா என்று கேட்டு வாங்கியிருக்கிறார். அப்படி முடித்துக் கொடுத்ததில் ஒன்றுதான் ‘நீல ரிகி’. லூசெர்ன் ஏரி, விடியப்போகிற நேரம், எதிரே ஒரே ஒரு நீல மலை. முடித்த படமே சுமார் 30-க்கு 45 செ.மீ.தான். அதை 2007-இல் டேட் அருங்காட்சியகம் 49.5 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது, அந்தப் பணத்தில் ஒரு பங்கு பொதுமக்கள் போட்டது. ஆனால் எனக்கு, முடித்துக் கொடுத்த படங்களைவிட அந்த மாதிரிகளும் நீலத் தாள்களும்தான் பிடிக்கும், இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரிய படத்தைச் சுருக்கினால் சின்னப் படம் ஆகாது. மனசில் நின்ற அந்த ஒரு வெளிச்சம் கலையுமுன் கை எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவுதான் அந்தத் தாளின் அளவு, அதனால்தான் அதில் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே நேரம் இருக்கிறது.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். கடற்கரையில் உட்கார்ந்து வாட்டர்கலர் போட்டால் ஒரு நாள் பிரஷ் வைக்கும் முன்பே காய்ந்து பட்டை பட்டையாக நிற்கிறது, இன்னொரு நாள் காயவே மாட்டேன் என்று ஒன்றோடொன்று ஓடிவிடுகிறது. என் கையில் கோளாறா, காற்றில் கோளாறா? (மண்டபம் மாணவர்)

காற்றில்தான் தம்பி, கையை ஒன்றும் சொல்லாதீர்கள். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது தாளில் வைத்த தண்ணீரைக் காற்று வந்து உறிஞ்சிக்கொண்டு போகும், ஐப்பசி கார்த்திகையில் வாடை தொடங்கி வானம் மூடிக்கொண்டால் அதே தாள் அரைமணி நேரமானாலும் ஈரத்தை விடாது. இங்கிலாந்து ஓவியர்கள் எழுதிவைத்த பாடம் எல்லாம் அவர்கள் ஊர்க் குளிருக்கும் சாரலுக்கும் ஏற்றது, நாம் அதை அப்படியே எடுத்தால் நடக்காது.

போன ஆடியில் குந்துகால் பக்கம் கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு வத்தைப் படகின் நிழலில் உட்கார்ந்து போட்டேன், அதைச் சொல்கிறேன், உங்களுக்குப் புரிந்துவிடும். தாள் கையகலம்தான், நாலு பக்கமும் ஒட்டு நாடா போட்டு ஒரு பரீட்சை அட்டையில் ஒட்டியிருந்தேன், அட்டையைக் கடல் பக்கம் கொஞ்சம் சாய்த்து முழங்காலில் வைத்தேன். முதலில் வெறும் தண்ணீரால் வானத்தை நனைத்து, அது பளபளப்பு போய் மங்கலாகும் அந்த ஒரு நொடிக்குள் நீலத்தை மேலிருந்து இழுத்தேன். இழுக்கும்போது பிரஷுக்குக் கீழே ஒரு மணி போலத் தண்ணீர் திரண்டு வரும். அந்த மணியை உடையாமல் கீழே வரைக்கும் கூட்டிக்கொண்டு வருவதுதான் மொத்த வித்தையும். கடல் கோட்டுக்கு வந்ததும் பிரஷைப் பிழிந்துவிட்டு அந்த மணியை ஒற்றி எடுத்துவிட வேண்டும், எடுக்காமல் விட்டால் அது மேலே திரும்ப ஏறிக் காய்ந்த வானத்தில் பூ விரிந்த மாதிரி கறை போட்டுவிடும். அன்றைக்கு எனக்கு அது ஒழுங்காக வந்தது. கடலுக்கு ஒரே இழுப்பு, பிரஷை நனைத்துப் பாதி பிழிந்து தாளின்மேல் படுக்கவைத்துச் சரசரவென்று இழுத்தேன். தாளின் சொரசொரப்பில் வண்ணம் பிடிக்காமல் விட்ட வெள்ளைப் புள்ளிகள்தான் வெயிலில் மினுக்கும் அலை. வத்தைக்கு மட்டும் காயும்வரை காத்திருந்தேன், கச்சானில் அது இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

இப்போது உங்கள் விஷயம். கச்சான் காலத்தில் காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள், தாளின் பின்பக்கத்தையும் நனைத்து அட்டையில் ஒட்டவைத்தால் ஈரம் கொஞ்சம் நிற்கும், பிரஷ் நீங்கள் நினைப்பதைவிட ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், ஏனென்றால் சின்ன பிரஷ் சுமக்கிற தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும், பட்டை பட்டையாக நிற்பது அதனால்தான். வாடைக் காலத்தில் வண்ணத்தைக் கெட்டியாக எடுங்கள், இரண்டு தாளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். அப்புறம் தாள்: சார்ட் பேப்பரில் எந்த மகானாலும் ஆகாது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் விலை கூடத்தான், ஆனால் ஒரு பெரிய தாளை வாங்கி டர்னர் போலப் பதினாறாகக் கிழித்தால் பதினாறு படம்.

தண்ணீர் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், குடிக்கிற தண்ணீர். கடல் தண்ணீரைத் தொட்டுப் போட்டால் உப்பு நட்சத்திரம் மாதிரிப் பூத்துப் பார்க்க அழகாக இருக்கும், நானும் ஒரு காலத்தில் அதில் மயங்கினேன். உப்பு தாளிலேயே தங்கிவிடும், மழைக்காலம் வந்ததும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக் கசிந்து வண்ணத்தைக் கலைத்துவிடும். நம் பக்கத்து ஆழ்குழாய் உப்புத்தண்ணீரும் அதே கதைதான்.

வெள்ளைக் கோட்டுக்கு ஒரு விஷயம். டர்னர் கட்டைவிரல் நகத்தை நீளமாக வளர்த்து வைத்திருந்தாராம், ஈரத் தாளை அதாலேயே கீறி அலை நுரையை எடுத்ததை ஒரு வீட்டில் கூட இருந்து பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். செய்து பாருங்கள், வத்தையின் நங்கூரக் கயிறு அதில் வருகிற மாதிரி எந்த வெள்ளை வண்ணத்திலும் வராது.

கட்டி வண்ணம் வாங்கலாமா டியூபா என்றும் கேட்டிருந்தீர்கள். வெளியே போகக் கட்டிதான். 1780 வாக்கில் லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் தேன் சேர்த்துக் கட்டியாக வார்த்துக் கொடுத்தபிறகுதான், 1781-இல் அதற்கு ஒரு வெள்ளிப் பரிசும் கிடைத்தது, ஓவியர்கள் பையில் வண்ணத்தைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போக முடிந்தது. அதற்குமுன் பொடியை அரைத்து, நம் கருவேல மரத்துக்கு உறவான ஆப்பிரிக்க வேல மரத்துப் பிசினைக் கலந்து, ஒவ்வொன்றையும் அவரவர்தான் தயாரிக்க வேண்டியிருந்தது. தகர டியூப் வந்தது 1841-இல்தான்.

கேள்வி: ஓய்வுபெற்று ஒரு வருஷம் ஆகிறது. சின்ன வயதில் கொஞ்சம் வரைவேன், அப்புறம் விட்டுவிட்டேன். இந்த வயதில் தொடங்கினால் ஏதாவது உருப்படியாக வருமா? (ராமநாதபுரம் வாசகர்)

வரும் ஐயா. பிரபஸோன் என்று ஒரு ஆங்கிலேயர், 1821-இல் பிறந்தவர், சொத்து இருந்ததால் விற்க வேண்டிய அவசியம் இல்லாமல் ஸ்பெயின், இத்தாலி, எகிப்து, நம் இந்தியா என்று சுற்றிச் சின்னச் சின்ன வாட்டர்கலராகப் போட்டுத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தார். நண்பர்கள் வற்புறுத்தி அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தது 1892-இல், அப்போது அவருக்கு எழுபத்தொரு வயது. அவர் இடையில் விடவில்லை, நீங்கள் விட்டீர்கள், அந்த வித்தியாசம் உண்டு. ஆனாலும் தினமும் ஒரு கையகலத் தாள் என்று வைத்துக்கொண்டால் ஆறு மாதத்தில் நூற்றெண்பது தாள் ஆகிவிடும், அத்தனைக்குப் பிறகும் கை பழகாமல் போக வழியே இல்லை. நாளைக் காலை தேவிபட்டினம் பஸ்ஸில் ஏறுங்கள், நவபாஷாணத்துக் கற்கள் தண்ணீருக்குள்ளே நிற்கின்றனவே, அதில் ஒரே ஒரு கல்லையும் அதன் நிழலையும் போட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா காலத்து வாட்டர்கலர் படம் ஒன்று இருக்கிறது. கடற்கரைக் காட்சி. வானம் நீலமாக இருந்தது என்று அத்தை சொல்கிறார், இப்போது ரோஜா நிறமாக இருக்கிறது. ஓரமெல்லாம் பழுப்புப் புள்ளி. வெயிலில் காயவைத்துத் துடைக்கலாமா? (தொண்டி வாசகர்)

தயவுசெய்து வெயிலில் வைக்காதீர்கள், துடைக்கவும் வேண்டாம். இந்தக் கேள்விக்குத்தான் நான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன், ஏனென்றால் நம் கடற்கரை வீடுகளில் பழைய படங்கள் இப்படித்தான் போகின்றன.

நீலம் ரோஜாவானதற்குக் காரணம் பெரும்பாலும் அவுரி, செடியிலிருந்து எடுக்கிற நீலச் சாயம். அந்தக் காலத்தில் வானத்துக்கு அவுரி நீலத்தோடு கொஞ்சம் செம்மண் நிறம் கலந்து சாம்பல் மேகம் போடுவார்கள். வெளிச்சம் பட்டுப் பட்டு அவுரி வெளுத்துவிடும், செம்மண் கல்லிலிருந்து வந்தது, அது அப்படியே நிற்கும். டர்னரோடு ஒரே வருஷத்தில் பிறந்து இருபத்தேழு வயதிலேயே இறந்துபோன கிர்ட்டின் என்கிற அருமையான ஓவியரின் வானங்கள் பல இப்படித்தான் செவந்துபோயிருக்கின்றன. உங்கள் வீட்டுப் படத்தை ஆராய்ந்து பார்க்காமல் நான் உறுதியாகச் சொல்லக் கூடாது, ஆனால் அத்தை சொன்னது நிஜமாகத்தான் இருக்க வேண்டும்.

வெளிச்சம் மட்டும் செய்கிற வேலை இல்லை இது. 1888-இல் இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் வாட்டர்கலர் வண்ணங்களைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து வெயிலில் காட்டிச் சோதித்தார்கள். ஈரக்காற்று இருந்த குழாயில் வண்ணம் சீக்கிரம் வெளுத்தது, காற்றையே உறிஞ்சி எடுத்துவிட்ட குழாயில் பெரும்பாலும் வெளுக்கவில்லை. தொண்டியில் உங்கள் கூடத்தில் வெயிலும் இருக்கிறது, ஈரமும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்து அந்த நீலத்தைத் தின்றிருக்கின்றன.

ஸ்காட்லாந்தில் எடின்பரோவில் இருக்கும் தேசியக் கலைக்கூடத்துக்கு ஹென்றி வான் என்பவர் தான் சேர்த்த 38 டர்னர் வாட்டர்கலர்களை 1900-இல் எழுதிவைத்துவிட்டுப் போனார், ஒரு நிபந்தனையோடு. ஜனவரி மாதத்தில் மட்டும்தான் வெளியே வைக்க வேண்டும், அதுவும் எல்லாவற்றையும் சேர்த்து, இலவசமாக. அங்கே வெளிச்சம் ரொம்பக் குறைந்த மாதங்களில் ஒன்று அது. நூறு வருஷத்துக்கும் மேலாக அப்படியே நடக்கிறது, டப்ளினுக்கு அவர் கொடுத்த 31 படங்களும் ஜனவரியில்தான். மீதிப் பதினொரு மாதமும் இருட்டுப் பெட்டிக்குள். அதனால் இன்றைக்கும் அந்த நீலங்கள் அப்படியே இருக்கின்றன. ஜனவரிக் குளிரில் வரிசையில் நின்று ஒரு கையகலப் படத்தைப் பார்க்க ஜனங்கள் வருகிறார்கள் என்பதை நினைத்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும்.

நமக்கு ஜனவரியிலும் வெயில்தான். அதனால் நாம் செய்யக்கூடியது: படத்தை இறக்கிவிடுங்கள், கடல் பார்த்த சுவரிலும் வெளிச்சுவரிலும் மறுபடி மாட்டாதீர்கள், அந்தச் சுவர்கள் மழைக்காலத்தில் வியர்க்கும். பிரேமைப் பிரித்துப் பாருங்கள், கண்ணாடி படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுதான் பெரிய ஆபத்து. எனக்கே நடந்தது. பல வருஷத்துக்கு முன்பு ஒரு கடையில் பிரேம் போடக் கொடுத்தேன், நடுவில் அட்டை வைக்காமல் கண்ணாடியைப் படத்தின்மேலேயே அழுத்திக் கொடுத்துவிட்டார்கள், நானும் பார்க்காமல் மாட்டிவிட்டேன், ஒரு வாடைக்காலம் முடிந்து கழற்றும்போது கடலின் பாதி கண்ணாடியோடு உரிந்து வந்துவிட்டது. இப்போதெல்லாம் அமிலம் இல்லாத அட்டையில் சன்னல் வெட்டி வைத்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே காற்று போக இடம் விட்டுத்தான் போடச் சொல்கிறேன், நின்று பார்த்து வாங்குகிறேன்.

பழுப்புப் புள்ளி பூஞ்சையாகவும் இருக்கலாம், தாளில் கலந்த இரும்புத் துகளாகவும் இருக்கலாம், வீட்டில் வைத்து எடுக்க முடியாது. பின்னால் ஒட்டியிருக்கும் பழைய அட்டையைப் பிய்க்கவும் வேண்டாம், தாளும் சேர்ந்து கிழியும். தாள் பாதுகாப்புத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோகும்வரை, இரண்டு சுத்தமான பருத்தித் தாளுக்கு நடுவே வைத்து, தட்டையாக, மூடிய பெட்டியில், புது மருந்து டப்பாக்களில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலம் நாலைந்து போட்டு, வீட்டின் உள்ளறையில் வையுங்கள். போன நீலம் திரும்பாது. இருக்கிற ரோஜாவாவது நிற்கட்டும்.

கேள்வி: நம்மை ஆண்டவர்களின் படத்தை நாம் ஏன் இன்னும் கொண்டாட வேண்டும்? அவர்கள் நம் பக்கத்தைப் பார்த்துப் போட்டதுண்டா, போட்டாலும் நம்மை எப்படிப் போட்டார்கள்? (ராமேஸ்வரம் வாசகர்)

கேட்க வேண்டிய கேள்வி. போட்டதுண்டு. தாமஸ் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியர், அவர் சகோதரரின் மகன் வில்லியம் இருவரும் 1792, 1793-இல் தென்னாட்டைச் சுற்றி மதுரை, பாபநாசம் என்று போய் வரைந்தார்கள், பிறகு லண்டனில் அச்சாக வெளியிட்டார்கள். எட்வர்ட் லியர் என்ற ஆங்கிலேய ஓவியர் 1874-இல் சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம், தஞ்சாவூர், திருச்சி வந்தார், அப்போது அவருக்கு அறுபத்திரண்டு வயது. இத்தாலி, கிரீஸ், அல்பேனியா என்று வாழ்நாள் முழுக்கச் சுற்றியவர். அவருடைய பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: படத்திலேயே ஊர், தேதி, மணி எழுதிவிடுவார், எந்த இடத்தில் என்ன நிறம் என்பதையும் தாள்மேலேயே கிறுக்கிவைப்பார், ராத்திரி அறையில் மையும் வண்ணமும் ஏற்றுவார். அவருக்கும் கிட்டத்தட்ட நூறு வருஷம் முன்னால் ரோமுக்குப் போன டவுன் என்ற ஓவியர், 1780-81-இல், தாளின் பின்னால் காலை வெளிச்சமா, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று எழுதிவைத்தவர். லண்டன் ராயல் அகாதெமிக்குப் பதினொரு தடவை முயன்றும் சேர்த்துக்கொள்ளப்படாதவர் அவர், இன்றைக்கு பிரிட்டிஷ் மியூசியத்தின் பொக்கிஷம்.

நம்மை எப்படிப் போட்டார்கள் என்றால், பெரும்பாலும் மரத்தடியில் நாலு புள்ளியாக. கோபுரம் பெரிதாக இருக்கும், பனைமரம் ஒயிலாக இருக்கும், மனிதர்கள் அளவு காட்டுவதற்காக நிற்பார்கள், அவர்கள் கையில் என்ன வேலை என்று தெரியாது. அந்தப் பார்வை நமக்கு வேண்டாம், உங்கள் கோபம் நியாயம். இன்னொன்றையும் பார்க்க வேண்டும், அதே காலத்தில் தஞ்சாவூர் ஓவியர்கள் அதே ஆங்கிலேயர்கள் கேட்டதால் தாளில் நம் ஜனங்களைத் தொழில் வாரியாக, கையில் கருவியோடு, முகத்தோடு போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் பெயர்களைப் பெரும்பாலும் யாரும் எழுதிவைக்கவில்லை, அதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

நான் டர்னரைக் கொண்டாடுவது அவர் எந்த ஊர் என்பதற்காக இல்லை. கையகலத் தாளில் ஒரு நேரத்தை நிறுத்துகிற தொழில்நுணுக்கம் அவரிடம் இருக்கிறது, தச்சரிடம் இழைப்புளி பிடிக்கக் கற்றுக்கொள்வது போல அதை அவரிடம் கற்றுக்கொள்ளலாம். யாரைப் போட வேண்டும் என்பதை நாம் முடிவு செய்வோம். வலை பிரிக்கிற பெண்ணை அருகில் உட்கார்ந்து போடுகிறவர், எந்த விரலில் நூல் சுற்றியிருக்கிறது என்று தெரிந்து போடுவார். பாம்பன் கரையைப் பாம்பன்காரர்கள் போட்டால் அந்த விரல் படத்தில் வரும்.

கேள்வி: எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. ஒரு நொடியில் படம் எடுக்கலாம். பிறகு எதற்கு இந்தப் பாடு? (திருப்புல்லாணி வாசகி)

செல்போனிலும் எடுங்கள், நானும் எடுக்கிறேன். கையால் வரைவதை வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய ஆங்கிலேயக் கலை விமர்சகர் ரஸ்கின், 1845-இல் வெனிஸில் அன்றைய புகைப்படத் தகடுகளை வாங்கி அப்படி மகிழ்ந்தார், ஆனால் அவர் வரைவதை நிறுத்தவில்லை. செல்போனில் எடுத்தபிறகு நாம் அந்த இடத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம், வரையத் தொடங்கியபிறகுதான் பார்க்கவே தொடங்குகிறோம். தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயச் சுவரை எத்தனை பேர் படம் எடுத்திருப்பார்கள். நான் அதை வரைய உட்கார்ந்த அன்றைக்குத்தான் அந்தச் சுவரில் பவளப்பாறைக் கல்லை வைத்துக் கட்டியிருப்பதைக் கண்டேன், 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகும் நிற்கிற அந்தக் கல்லில் சின்னச் சின்ன அறை அறையாக வரிவடிவம் தெரிந்தது. அதற்கு முன்பு இருபது தடவையாவது அங்கே போயிருப்பேன்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு. பாம்பன் பாலத்தை வரைய ஆசை. எங்கே உட்கார்ந்து, எந்த நேரத்தில் வரைய வேண்டும்? (தங்கச்சிமடம் மாணவி)

தங்கச்சி, மேலே ரோட்டுப் பாலத்தில் நிற்க வேண்டாம், வண்டி போகிற இடம், காற்றும் தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். வீட்டில் பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு கீழே பாம்பன் கரைக்குப் போ, வடக்குப் பக்கம், வத்தைகள் கட்டிக் கிடக்கிற இடம். உங்கள் ஊரில் வடக்கைப் பெண் கடல் என்றும் தெற்கை ஆண் கடல் என்றும் சொல்வார்கள் அல்லவா, கச்சான் நேரத்தில் தெற்கே அலை எகிறும்போதும் வடக்கே தண்ணீர் பெரும்பாலும் தட்டையாக நிற்கும், பாலத்தின் நிழலை அதில்தான் பார்க்க முடியும்.

ரயில் பாலம் முழுவதையும் போடாதே. இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், கையகலத் தாளில் அது ஒரு கோடாகிவிடும். பக்கத்தில் இருக்கும் மூன்று தூணை மட்டும் அழுத்தமாகப் போடு, நாலாவது தூணுக்குத் தண்ணீர் அதிகம் சேர்த்துக்கொள், ஐந்தாவது ஆறாவதை வானத்தின் ஈரத்திலேயே கரையவிடு. மீதித் தூண்களைப் பார்க்கிறவர்கள் தாங்களே எண்ணிக்கொள்வார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் செங்குத்தாக மேலே ஏறுகிற பகுதி இருக்கிறதே, அதற்கு இரண்டு பக்கமும் நிற்கும் உயரக் கோபுரத்தைத் தாளின் நடுவில் வைக்காமல் ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிடு. 1914-இல் திறந்த பழைய பாலம் நீ போகும்போதும் பக்கத்தில் தெரிந்தால், புதுசை விட அதற்கு ஒரு சாயல் சூடான நிறம் கொடு, துரு நிறம், காவியில் கொஞ்சம் நீலம்.

நேரம்: காலையில் வெயில் கிழக்கே ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வரும், தூணின் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சமாகி மறுபக்கம் முழுக்க நீலமாகிற அந்த இருபது நிமிஷம்தான் உனக்கு. அதற்குமுன் பென்சில் வேலையை முடித்து வைத்திரு.

என்னிடம் இருக்கும் ஒரு தாளின் பின்னால் இப்படி எழுதியிருக்கிறது: பாம்பன் வடகரை, மாசி மாதம், காலை 6.50, வாடை அடங்கிவிட்டது, மூன்றாவது தூணில் இரண்டு நீர்க்காகம். முன்பக்கம் அந்த நீர்க்காகங்கள் இரண்டு கறுப்புப் புள்ளிதான், ஆனால் திருப்பிப் பார்த்ததும் அன்றைக்கு அவை சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றது எனக்கு அப்படியே வந்துவிடும். நீயும் எழுது. படத்தை எங்களுக்கு அனுப்புவதாக இருந்தால் மடிக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதன்மேல் தபால் உறை. பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.